வாளா, அருவாளா, கத்தியா? மதுரைப் பக்கம் புதிதாக வந்தவர்களுக்கு

மதுரைக்குப் படிக்கவோ வேலைக்கோ வந்து, கோயில் வாசலிலும் பேப்பரிலும் பட்டறையிலும் விதவிதமான இரும்பைப் பார்த்துவிட்டு, எதை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவது என்று முழிக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். சரித்திரக் கதை எழுத உட்கார்ந்தவர்கள், பிள்ளையைச் சிலம்பத்தில் சேர்த்துவிட்டவர்கள், நேர்த்திக்கடனுக்கு அருவா வாங்கப் போகிறவர்கள் ஆகியோருக்கும் இதில் விஷயம் இருக்கிறது.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தப் பக்கம் பெயர் முக்கால்வாசி செய்கிற வேலையையும் இருக்கிற இடத்தையும் வைத்துத்தான் வரும். ஒரே இரும்பு விறகுக் கடையில் வெட்டருவா, கருப்பசாமி கோயிலில் சாமி அருவா, ஸ்டேஷன் மேஜையில் ‘பயங்கர ஆயுதம்’. படத்தைப் பார்த்துப் பெயரை மனப்பாடம் செய்தால் பாதி வழியில் குழம்பிவிடுவீர்கள். ‘இது எதுக்கு?’ என்று கேட்டால் பெயர் தானாக வந்துவிடும்.

படி 1: வளைவின் எந்தப் பக்கம் வெட்டும் என்று பாருங்கள்

வாள் நேராக இருக்கலாம், வளைந்தும் இருக்கலாம். வளைந்த வாளுக்கு வெட்டும் விளிம்பு பெரும்பாலும் வளைவின் வெளிப்பக்கம் இருக்கும். அருவாளுக்கு உட்பக்கம். வாள் வீசி அறுத்துக்கொண்டு போக, அருவா இழுத்துப் பிடித்து வெட்ட. இந்த ஒரு வித்தியாசம் பிடிபட்டால், மியூசியத்திலும் சரி, சந்தையிலும் சரி, பெரிய தப்பு வராது.

அரிவாள் என்று எழுதுவோம், அருவா என்று சொல்லுவோம். பேச்சில் ‘அரிவாள்’ என்று முழுசாக உச்சரித்தால் ஊருக்குப் புதுசு என்று உடனே தெரிந்துவிடும். அதில் ஒன்றும் தப்பில்லை, விலைதான் கொஞ்சம் ஏறும்.

கத்தி என்ற சொல்தான் ஆளைக் குழப்பும். வெங்காயம் நறுக்குவதும் கத்தி, கறிக்கடையில் இருப்பதும் கத்தி, ராஜா இடுப்பில் இருப்பதும் பேச்சில் கத்திதான். படத்தில் இரண்டு பேர் வாளோடு மோதினால் அதைக் ‘கத்திச் சண்டை’ என்றுதான் சொல்வோம். ‘ஒரே உறையில் ரெண்டு கத்தி’ என்று பழமொழி மாதிரிச் சொல்லும்போதும் மனசில் இருப்பது வாள். வாள் என்ற சொல் எழுத்திலும் மேடையிலும் வாழ்கிறது. தெருவில் அது குறைவு. பழைய தச்சாசாரியிடம் போய்க் ‘கைவாள்’ என்றால் மரம் அறுக்கிற ரம்பத்தை எடுத்து நீட்டுவார்.

சின்னது எல்லாம் தனி வகை. நுனி கூராக, குத்துவதற்கென்று இருக்கிற சிறிய கத்தி சூரி அல்லது சூரிக்கத்தி. பிச்சுவா அதற்கு அண்ணன் தம்பி. குறுவாள், உடைவாள் இரண்டும் புத்தகச் சொற்கள். உடைவாள் என்பது இடுப்பில் கட்டிய வாள், குறுவாள் என்பது நீளம் குறைந்த வாள். இரண்டையும் ஒன்றாக நினைத்து எழுதுகிற சரித்திரக் கதைகள் நிறைய உண்டு.

படி 2: உறுப்புகளின் பெயர்

இது சீக்கிரம் முடிகிற பாடம். இரும்புத் தகடு முழுவதும் அலகு. வெட்டும் விளிம்பு கருக்கு. அதற்கு எதிர்ப்பக்கம், தடித்த பக்கம், முதுகு. மரப்பிடி பிளக்காமல் இருக்க மாட்டுகிற வளையம் பூண். பிடி, நுனி, உறை எல்லோருக்கும் தெரிந்ததே. வாளாக இருந்தால் கூடுதலாகக் கைக்காப்பும், பிடியின் அடியில் குமிழும் இருக்கும். கருக்கு என்பது சில இடத்தில் கூர்மையையும், சில இடத்தில் ரம்பப் பல்லையும் குறிக்கும். பனைமட்டை ஓரத்தில் இருக்கிற முள்பல்லும் கருக்குதான். எந்தப் பொருளில் சொல்கிறார்கள் என்பது பேச்சுப் போக்கில் புரிந்துவிடும்.

படி 3: பட்டறைக்குப் போங்கள்

பெயர் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல இடம் கிடையாது. மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் மானாமதுரை, பரமக்குடி பக்கம் போகிற பஸ்ஸில் ஏறினால், திருப்புவனம் தாண்டிச் சுமார் 30 கிலோமீட்டரில் திருப்பாச்சேத்தி. சிவகங்கை மாவட்டம். ஊர் திருப்பாச்சேத்தி, அருவா மட்டும் ‘திருப்பாச்சி அருவா’. தமிழ்நாடு முழுக்க எந்த ஊரில் அடித்த அருவாளையும் இந்தப் பெயர் சொல்லி விற்கிற கடைகள் உண்டு. ‘எந்தப் பட்டறையில அடிச்சது?’ என்று கேளுங்கள். பதில் வழவழவென்று வந்தால் வேறு கடை பாருங்கள். திருப்பாச்சேத்தி வரை போக முடியாதவர்களுக்கும் மதுரையைச் சுற்றிய பல ஊர்களில் ஒரு கொல்லுப்பட்டறையாவது இருக்கும்.

பட்டறையில் போய் ‘ஒரு அருவா வேணும்ணே’ என்றால் அடுத்த கேள்வி இதுதான்: ‘எதுக்குத் தம்பி?’

சும்மா பேச்சுக்குக் கேட்பதில்லை. உங்கள் பதிலில்தான் இரும்பின் எடை, வளைவு, கருக்கின் கோணம், துவைச்சல் (காய்ச்சித் தண்ணீரில் வைத்துப் பதப்படுத்துவது) எல்லாம் இருக்கிறது. ‘கருவேலம் வெட்ட’ என்றால் ஒன்று, ‘தென்னை மட்டை கழிக்க’ என்றால் வேறு, ‘இளநி வெட்ட’ என்றால் இன்னொன்று, ‘கோயிலுக்கு’ என்றால் பேச்சின் தோரணையே மாறிவிடும். ‘சும்மா வீட்ல வச்சிருக்க’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அப்படிச் சொல்கிறவரை ஆசாரி ஏற இறங்கப் பார்ப்பார். பார்க்கத்தான் வேண்டும்.

கொஞ்ச நேரம் நின்று வேலையைக் கவனியுங்கள். பெரும்பாலான பட்டறைகளில் மூலப்பொருள் லாரியின் பழைய பட்டை, அதாவது வண்டியின் பாரத்தைத் தாங்குகிற வில்பட்டை. அது ஏற்கெனவே நல்ல எஃகு. வேண்டிய அளவுக்கு வெட்டிக் கரி உலையில் வைப்பார்கள். துருத்தி இருந்த இடத்தில் இப்போது மின்சார ஊதுகுழல் ஓடுகிறது. இரும்பு ஆரஞ்சு நிறத்துக்கு வந்ததும் ஒருவர் குறடால் பிடித்து அடைகல் மேல் வைக்க, எதிரே நிற்பவர் சம்மட்டி போடுவார். குறடு பிடிக்கிறவர் கையில் சின்னச் சுத்தியல். அவர் தட்டுகிற இடத்தில் சம்மட்டி விழ வேண்டும். அந்தச் சின்னத் தட்டுதான் உத்தரவு, வாயால் பேச்சு இருக்காது.

உருவம் வந்த பிறகு அரம் போட்டுக் கருக்கு எடுப்பார்கள். அதற்கப்புறம்தான் துவைச்சல். அருவாளின் தலையெழுத்து அங்கேதான் முடிவாகிறது. கருக்குப் பக்கத்தைச் சிவக்கக் காய்ச்சி, அந்த விளிம்பை மட்டும் தண்ணீரில் வைத்து எடுப்பார். முதுகில் இன்னும் சூடு நிற்கும். அந்தச் சூடு மெதுவாகக் கருக்கை நோக்கி இறங்கும்போது, தேய்த்துப் பளபளப்பாக்கிய இடத்தில் நிறம் ஓடும். முதலில் வைக்கோல் மஞ்சள், பிறகு பழுப்பு, அப்புறம் ஊதா, கடைசியில் நீலம். எந்த நிறத்தில் திரும்பத் தண்ணீருக்குள் போட்டு நிறுத்துவது என்பது, எதற்கு என்று நீங்கள் சொன்ன பதிலைப் பொறுத்தது. முன்னாடியே நிறுத்தினால் கருக்கு கடினமாக நிற்கும், கட்டையில் ஓங்கி வெட்டினால் பல்லுப் பல்லாகப் பெயர்ந்துவிடும். ரொம்ப ஓடவிட்டால் கருக்கு மடங்கும். முதுகு மிருதுவாக இருப்பதால் அடியைத் தாங்கிக்கொள்ளும். துவைச்சல் போன பழைய அருவாளைக் கொண்டுபோனால் மறுபடி காய்ச்சித் துவைத்துத் தருவார்கள். சாணை பிடிப்பதும் துவைப்பதும் வேறு வேறு வேலை. முன்னது கூர் ஏற்றும், பின்னது இரும்பின் குணத்தையே மாற்றும்.

இனி வகைகள்.

வெட்டருவாதான் பொதுவானது. நுனிப் பக்கம் கனம் கூடி, உள்ளே வளைந்து இருக்கும். விறகு, கருவேலமுள், கிளை எல்லாவற்றுக்கும் இதுவே. கையில் எடுத்தால் எடை முன்னே இழுக்க வேண்டும். அப்படி இழுக்காத வெட்டருவா உங்கள் தோளைத்தான் வெட்டும்.

கதிரருவா, கருக்கருவா, பன்னருவா என்று ஊருக்கு ஊர் பெயர் மாறுவது அறுவடைக்கானது. மெல்லியது, அரைவட்டமாக வளைந்தது, உட்பக்கம் நுண்ணிய பல் வெட்டியது. இதைக் கல்லில் தீட்டக் கூடாது, பல் போய்விடும். மழுங்கினால் பட்டறையில் திரும்பப் பல் வெட்டித் தர வேண்டும். கதிர் அறுக்கிற மெஷின் வந்த பிறகு வயலில் இதற்கு வேலை குறைந்துபோனது. இப்போது மாட்டுக்குப் புல் அறுக்கத்தான் அதிகம் போகிறது.

பாளையருவா பனையேறிகளுடையது. அகலமானது, தட்டையானது, சவரக் கத்தி போலக் கூரானது. பாளையைச் சீவச் சீவப் பதநீர் வடிய வேண்டும், நார் நசுங்கினால் வடியாது. அதனால்தான் அந்தக் கூர். இடுப்பில் அதற்கென்றே அருவாப்பெட்டி கட்டியிருப்பார்கள். ராமநாதபுரம் பக்கம் போனால் பார்க்கலாம்.

நீண்ட கம்பின் நுனியில் சின்ன அருவா கட்டியிருந்தால் அது தொரட்டி. ஆடு மேய்ப்பவர் கையில் இருக்கும், மரத்தில் இருக்கிற தழையை இழுத்து அறுக்க. அடுக்களையில் கட்டையில் பதித்து உட்கார்ந்து காய் நறுக்குவது அருவாமனை. பிளாஸ்டிக் பலகையும் கத்தியும் வந்த பிறகும் மீன் ஆய்வதற்கு அருவாமனையைவிட உருப்படியான சாமான் எனக்குத் தெரியவில்லை.

வீச்சருவா தனிக் கதை. நீளம் அதிகம், வளைவு குறைவு, அலகு மெலிவு. வாளுக்கும் அருவாளுக்கும் நடுவில் நிற்கிற உருவம். தோட்ட வேலைக்கு இது தோதுப்படாது. காவல் தெய்வத்தின் கையிலும் பேப்பர் செய்தியிலும்தான் இதைப் பார்ப்பீர்கள். முகம் தெரியாதவர் வந்து கேட்டால் பட்டறைக்காரர்கள் லேசில் அடித்துத் தரமாட்டார்கள்.

ஊர் தாண்டினால் பெயரும் தாண்டும். கொங்குப் பக்கம் கொடுவாள் என்பார்கள். கன்னியாகுமரிப் பக்கம் வெட்டுக்கத்தி. மதுரையில் ‘வெட்டுக்கத்தி’ கேட்டால் கறிக்கடைச் சாமான் என்று எடுத்துக் காட்டுவார்கள்.

பட்டறையில் நடந்துகொள்ளும் முறையும் உண்டு. அருவாளைக் கைக்குக் கை கொடுக்க மாட்டார்கள். கீழே வைப்பார்கள், நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டும். வீட்டிலும் அருவாமனைக்கு அதே பழக்கம்தான். கீழே கிடக்கும் இரும்பைத் தாண்டிப் போகாதீர்கள். கூர் பார்க்கிறேன் என்று காற்றில் வீசிப் பார்க்காதீர்கள். பக்கத்தில் நிற்கிறவருக்குக் கோபம் வந்தால் அதில் நியாயம் இருக்கிறது.

படி 4: கோயில்

அழகர்கோயிலை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே வளாகத்துக்குள் இரண்டு மொழி இருப்பதைப் பார்க்கலாம். உள்ளே மூலவர் பரமசாமி பஞ்சாயுதங்களோடு நிற்கிறார்: சங்கு, சக்கரம், கதை, வில், வாள். அங்கே வாளின் பெயர் நாந்தகம். வாசலில் பதினெட்டாம்படிக் கருப்பு. அவருக்குச் சிலை கிடையாது. பூட்டிய கதவுக்கும் படிக்கும்தான் சந்தனமும் மாலையும். அங்கே கொண்டுவந்து சாத்துகிற இரும்பின் பெயர் அருவா. உள்ளே போய் ‘பெருமாள் அருவா’ என்றோ, வாசலில் நின்று ‘கருப்பின் வாள்’ என்றோ யாரும் சொல்வதில்லை. சித்திரைத் திருவிழாவுக்கு அழகர் கள்ளர் கோலத்தில் மதுரைக்கு இறங்கி வரும்போது கையில் இருப்பது வளைதடி. வளரி என்று சொல்கிறோமே, அந்த எறிதடி வகை. அதையும் வாள் கணக்கில் சேர்த்துவிடாதீர்கள்.

கருப்பு, முனி, சோணை மாதிரியான காவல் தெய்வங்களுக்கு நேர்த்திக்கடனாக அருவா வைப்பது இந்தப் பக்கத்து வழக்கம். சாண் அளவுக்கு இருப்பதும் உண்டு, ஆளுயரத்தைத் தாண்டியதும் உண்டு. நுனியில் எலுமிச்சம்பழம் குத்தி, மணி கட்டி, சந்தனம் குங்குமம் வைத்து, மண்ணில் நட்டிருப்பார்கள். அருவாளின் கருக்கு மேலே பார்க்க இரண்டு பேர் பிடித்துக்கொள்ள, அதன்மேல் ஏறி நின்று சாமியாடி குறி சொல்கிற கோயில்களும் உண்டு. நேர்த்திக்கு வாங்கப் போகிறவர்கள் முதலில் கோயில் பூசாரியிடம் அளவையும் முறையையும் கேட்டுக்கொண்டு பிறகு பட்டறைக்குப் போங்கள். எத்தனை அடி, மணி உண்டா, பெயர் வெட்ட வேண்டுமா என்று ஆசாரி கேட்பார். நட்ட பிறகு அது சாமியுடையது. பெயரே ‘சாமி அருவா’ என்று மாறிவிடும். அதை யாரும் ‘ஆயுதம்’ என்று சொல்வதில்லை. நீங்களும் சொல்ல வேண்டாம், போட்டோவுக்காகப் பிடுங்கவும் வேண்டாம்.

ஐயனார் விஷயத்தில் புதியவர்கள் வழுக்குவார்கள். பழைய கற்சிலைகளில் ஐயனார் கையில் இருப்பது செண்டு, நுனி வளைந்த கோல். சிமெண்டில் புதிதாகச் செய்கிறவர்கள் குதிரைமேல் உட்கார வைத்து வாளைக் கொடுத்துவிடுகிறார்கள். மதுரைக்காரர்களுக்குச் செண்டு அந்நியமில்லை. திருவிளையாடலில் உக்கிரபாண்டியன் மேருமலையை அடித்தது செண்டால்தான்.

சிற்பம் பார்க்கப் போனால் இன்னொரு சொல் வேண்டும்: கட்கம். சிற்பிகளும் குருக்களும் வாளை அப்படித்தான் சொல்வார்கள். கேடயம் அங்கே கேடகம். மீனாட்சியம்மன் கோயில் கம்பத்தடி மண்டபத்தில் வீரபத்திரர் சிலைகளின் கைகளை நிதானமாகப் பாருங்கள், நிறையத் தெரிந்துகொள்ளலாம். நாயக்கர் காலத்து உருவச்சிலைகள் பலவற்றில் இடுப்புக் கச்சையில் செருகிய சின்ன ஆயுதம் தெரியும். அதை வாள் என்று எழுதாதீர்கள், குத்துவாள் என்றால் சரி.

படி 5: சிலம்பக் களம்

சிலம்பம் என்றால் கம்பு மட்டும் என்று நினைத்துச் சேர்க்கிறவர்கள் உண்டு. கம்பு கை வந்த பிறகு மான்கொம்பு, வேல்கம்பு, வாள், சுருள்வாள் என்று வரிசையாக வரும். எதை எப்போது கையில் கொடுப்பது என்பது வாத்தியார் முடிவு. பிள்ளை அடம்பிடிக்கிறான் என்று நீங்கள் கடையில் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள்.

சுருள்வாள் வளையக்கூடிய எஃகுப் பட்டை, ஒன்றோ இரண்டோ பட்டைகள் ஒரே பிடியில். இடுப்பில் பெல்ட் மாதிரிச் சுற்றிக்கொள்ளலாம். கேரளத்துக் களரியில் இதுவே உருமி. தமிழ்நாட்டுப் போட்டிச் சான்றிதழில் சுருள்வாள் என்றுதான் வரும். சுழலுகிறவரைக்கும்தான் அது உங்கள் சொல் கேட்கும். வேகம் குறைந்தால் சுற்றி வந்து பிடித்தவரையே வெட்டும். இரண்டு கையிலும் மான்கொம்பைப் பிடித்து வீசுவதை மடு என்றும் சொல்வார்கள். அது குத்துவதற்கு, வெட்டுவதற்கு இல்லை.

பெற்றோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சிலம்பப் போட்டியில் ‘வாள்வீச்சு’ என்று ஒரு பிரிவு உண்டு. முகமூடி போட்டு, கம்பி போன்ற வாளோடு ஆடுகிற ஒலிம்பிக் விளையாட்டுக்கும் பேப்பரில் ‘வாள்வீச்சு’ என்றுதான் எழுதுகிறார்கள். இரண்டுக்கும் சம்பந்தமே கிடையாது. சென்னையைச் சேர்ந்த பவானி தேவி 2021-இல் டோக்கியோவில் ஆடியது இரண்டாவது வகை. ஒலிம்பிக் வாள்வீச்சில் ஆடிய முதல் இந்தியர் அவர்தான். அதில் மூன்று வாள். ஃபாயிலில் உடம்பின் நடுப்பகுதியை மட்டும், நுனியால் மட்டும் தொடலாம். எப்பேயில் உடம்பில் எங்கே வேண்டுமானாலும் தொடலாம், அதுவும் நுனியால்தான். சேபரில் இடுப்புக்கு மேல், நுனியாலும் தொடலாம், விளிம்பாலும் வெட்டலாம். பவானி தேவி ஆடுவது சேபர். விண்ணப்பத்தில் ‘வாள்வீச்சு’ என்று மட்டும் இருந்தால் எது என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.

படி 6: மண்ணுக்கு அடியில் கிடைத்தது

பழைய இரும்பைப் பார்க்க ரொம்பத் தூரம் போக வேண்டியதில்லை. கீழடி அருங்காட்சியகம் 2023 மார்ச்சில் திறக்கப்பட்டது. மதுரையிலிருந்து கொஞ்ச நேரப் பயணம்தான். பக்கத்துக் கொந்தகையில் முதுமக்கள் தாழிகளைத் தோண்டியபோது, மரப்பிடியின் மிச்சத்தோடு இரும்புக் குறுவாள் ஒன்று கிடைத்தது. தாமிரபரணிக் கரையில் ஆதிச்சநல்லூரை அலெக்சாண்டர் ரீ 1899-லிருந்து தோண்டி எடுத்த இரும்பு வாள்களைப் பார்க்க எழும்பூர் அருங்காட்சியகம் போக வேண்டும். தஞ்சாவூர் அரண்மனையிலிருந்து வந்த ஆயுதங்களும் அங்கே இருக்கின்றன. வளரியை நேரில் பார்க்கப் புதுக்கோட்டை அருங்காட்சியகம் தோது. சிவகங்கைச் சின்ன மருதுதான் தனக்கு வளரி எறியக் கற்றுக்கொடுத்தார் என்று கர்னல் வெல்ஷ் என்ற வெள்ளைக்காரர் எழுதி வைத்திருக்கிறார். 1801-இல் அதே மருதுவை எதிர்த்த படையிலும் அவர் இருந்தார்.

மதுரை, விருதுநகர் வட்டாரத்தில் வயலோரமாகத் தன் கழுத்திலேயே வாளை வைத்து நிற்கிற வீரனின் சிலை கண்ணில் பட்டால் அது அரிகண்டம் அல்லது நவகண்டம். தன்னைத்தானே பலி கொடுத்துக்கொண்டவனின் கல். பல இடங்களில் அதற்கு வேறு சாமிப் பெயர் வைத்துக் கும்பிடுகிறார்கள். ஊர்க்காரர்கள் சொல்கிற பெயரிலேயே நீங்களும் சொல்லுங்கள்.

படி 7: எழுதுகிறவர்களுக்கு

சங்க காலத்துப் பாண்டியன் கையில் தல்வாரைக் கொடுக்காதீர்கள். வளைந்த அலகும், பிடியின் அடியில் தட்டு மாதிரிக் குமிழும் உள்ள அந்த வடிவம் சுல்தான், முகலாயர் காலத்தில் பரவியது. நேரான, அகலமான, இரண்டு பக்கமும் கருக்குள்ள வாள் வேண்டுமானால் கண்டா. ஐரோப்பாவிலிருந்து வந்த அலகை நம் ஊர்ப் பிடியில் பொருத்தியது ஃபிரங்கி. திருமலை நாயக்கர் காலத்துக் கதையில் அது வரலாம், அதற்கு ஆயிரம் வருஷம் முந்தைய கதையில் வரக் கூடாது. கட்டாரி வாளே இல்லை. முஷ்டியால் பிடித்து நேராகக் குத்துவது, பிடி குறுக்குக் கம்பியாக இருக்கும். முழங்கை வரை இரும்புக் கையுறையோடு சேர்ந்து நீளும் பட்டா என்ற வாள் மராட்டியர்களுடையது. பேப்பரில் தினமும் வருகிற ‘பட்டாக்கத்தி’யோடு அதைக் குழப்ப வேண்டாம்.

வெளிநாட்டு வாள்களுக்கு அவற்றின் பெயரையே தமிழில் எழுதிவிடுவது நல்லது. ஜப்பானியக் கட்டானாவை ‘சாமுராய் கத்தி’ என்று எழுதினால், சாமுராய் கூடவே வைத்திருக்கும் குட்டை வாள் வாக்கிசாஷியை என்னவென்று எழுதுவீர்கள்? ரோமானியரின் கிளேடியஸ் குட்டையானது, நெருங்கி நின்று குத்துவதற்கு. ரேபியர் நீளமான, ஒல்லியான குத்துவாள். சேபர் குதிரைப்படையின் வளைந்த வாள். இந்தக் கூட்டத்தில் நம் அருவாளுக்கு நெருங்கிய சொந்தம் நேபாளத்துக் குக்ரிதான். அதற்கும் கருக்கு உள்வளைவில், கனம் முன்னால்.

நிகண்டைப் புரட்டினால் உவணி, ஏதி, கடுத்தலை என்று வாளுக்குப் பெயர்கள் கிடைக்கும். செய்யுளுக்கு அழகு. உரைநடையில் போட்டால் வாசிக்கிறவர் அந்த இடத்திலேயே நின்றுவிடுவார்.

படி 8: பேப்பரும் சட்டமும்

செய்தியில் வருகிற பட்டாக்கத்தி நீளமான, வாள் போன்ற கத்தி எதற்கும் பொதுப்பெயர். பிறந்தநாள் கேக்கைப் பட்டாக்கத்தியால் வெட்டி, அதை வீடியோ எடுத்துப் போட்டு, கேக் தீருவதற்குள் ஸ்டேஷனுக்குப் போன இளைஞர்களின் செய்தி நம் ஊர்ப் பேப்பரில் அடிக்கடி வரும். அது அட்டைக்கத்தியாக இருந்தால் வழக்கு இல்லை, அசலாக இருந்தால் உண்டு.

சட்டம் இதுதான். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமும் 2016-ஆம் ஆண்டு விதிகளும் வாள், குத்துவாள், ஈட்டி போன்றவற்றையும், அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்தி போன்றவற்றையும் ஆயுதமாக எடுத்துக்கொள்கின்றன. வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்கும் என்று செய்தவைக்கு விலக்கு உண்டு. அதனால்தான் வெட்டருவா கடையில் தொங்குகிறது, வாள் தொங்குவதில்லை. ஆனால் அந்த விலக்கு வேலையோடு ஒட்டியது. பகலில் தோட்டத்தில் இருக்கிற வெட்டருவா, ராத்திரி பைக் சீட்டுக்கு அடியில் இருந்தால் கேள்வி வரும். பதில் உங்களிடம் இருக்க வேண்டும்.

2021-இல் தமிழகக் காவல்துறை ரவுடிகள் மீது நடவடிக்கை எடுத்தபோது, வாங்குகிறவரின் பெயர் விலாசத்தைக் குறித்துவைக்கும்படியும் கேமரா வைக்கும்படியும் பட்டறைகளுக்குச் சொன்னது. ஆகவே ஆசாரி ஆதார் நகல் கேட்டால் சந்தேகப்படுகிறார் என்று முகம் சுளிக்காதீர்கள். வாங்கியதைத் துணியில் சுற்றி, ரசீது இருந்தால் அதையும் வைத்துக்கொண்டு, நேரே வீட்டுக்கோ கோயிலுக்கோ போய்ச் சேருங்கள். பெரிய நேர்த்தி அருவாளாக இருந்தால் கோயில் ஆட்களோடு சேர்ந்து, பகலில், வண்டியில் கொண்டுபோவதுதான் முறை. அலங்காரத்துக்கு என்று ஆன்லைனில் வாள் வாங்குகிறவர்கள் ஆர்டர் போடுவதற்கு முன் அலகின் அளவைப் படித்துப் பாருங்கள்.

படி 9: வீட்டுக்கு வந்த பிறகு

வேலை முடிந்ததும் துடைத்துவிட்டுத் தேங்காய் எண்ணெயோ மிஷின் ஆயிலோ லேசாகத் தடவி வையுங்கள். தோல் உறைக்குள் மாசக்கணக்கில் போட்டு வைக்காதீர்கள். தோல் ஈரத்தை இழுத்து வைத்து உள்ளேயே துரு ஏற்றிவிடும். பிடி ஆடினால் பூணை இறக்கி அடித்தால் போதும், ஆணி அடித்தால் மரம் பிளக்கும். சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் பரண்மேல், கருக்கு சுவர்ப் பக்கம் பார்க்க வையுங்கள். ஆயுத பூஜையன்று கழுவிப் பொட்டு வைக்கிறபோது பூணையும் பிடியையும் ஒருமுறை ஆட்டிப் பாருங்கள். தளர்ந்திருந்தால் பூஜை முடிந்து பட்டறை திறந்ததும் கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள். கையைவிட்டுப் பறக்கிற அருவா எந்த வகை என்று பார்த்துக்கொண்டிருக்க நேரம் இருக்காது.